ரோதமுனி கண்டிக்குப் போன வருடம்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இப்போதெல்லாம் பேச்சு முழங்காலில் தொடங்கிச் சர்க்கரையில் முடிகிறது. போன மாதம் ஹட்டனில் ஒரு கல்யாண வீட்டிலும் அப்படித்தான். என்னோடு ஒன்றாம் வகுப்பில் படித்தவள் பக்கத்து இலையில் உட்கார்ந்து, மகன் கட்டிய வீட்டின் பெருமையைப் பந்தி முடியும்வரை சொன்னாள். கேட்டுக்கொண்டேன். என்னிடமும் ஒரு பெருமை இருக்கிறது, அது கண்டியில் இருக்கிற ஒரு கதவு என்று சொல்ல வாயெடுத்தேன். பாயசம் வந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன், அவளும் படிக்கட்டும்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ரோதமுனியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பட்டணத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத்தான் சொல்லவேண்டும். ரோதை என்றால் சக்கரம். தேயிலை ஆலையை நாம் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் சுழல்கிற சக்கரங்களுக்கெல்லாம் காவல் ஒரு சாமி, அவர்தான் ரோதமுனி. கொழுந்தை அரைக்கிற ரோலருக்குள் ஆள் கை போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சில தோட்டங்களில் அவர் ஒரு கல், சில தோட்டங்களில் ஒரு சூலம். கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் ஏறினால் வருகிற எங்கள் தோட்டத்தில் மட்டும் அவர் நிஜமாகவே ஒரு சக்கரம்.

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் தண்ணீரால் சுற்றிய இரும்புச் சக்கரம் அது. இரண்டு ஆள் உயரம். எஞ்சின் வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. ஸ்டோருக்குப் பின்னால், காய்ந்துபோன வாய்க்காலில் அப்படியே நின்றது. நடுவில் ஆரங்கள் வந்து சேர்கிற குடத்தில் மஞ்சளும் குங்குமமும் அப்பி அப்பி, ஒரு சாண் கனத்துக்கு முகம் மாதிரி புடைத்திருந்தது. மழை வந்தால் அந்த முகத்திலிருந்து சிவப்பாக ஒழுகும். இரும்புத் துருவும் விளக்கெண்ணெயும் நனைந்த கற்பூரமும் சேர்ந்த அந்த வாசனையை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. அவர் கிழக்கே பார்த்து நின்றார். மலைக்கு மேலே வெயில் ஏறியதும் முதல் வெளிச்சம் அவர் முகத்தில்தான் விழும்.

அப்பா ரோலர் அறையில் வேலை செய்தார். வெள்ளிக்கிழமை காலையில் எஞ்சின் கிளப்புவதற்கு முன்னால் முனிக்குக் கற்பூரம் காட்டுவதும் அவர்தான். அவருடைய இடதுகையில் சுண்டுவிரல் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில், பூசையெல்லாம் எதற்கு என்று கேட்டுத் திரிந்த காலத்தில், ரோலர் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. யாராவது விரலைப் பற்றிக் கேட்டால், "அதக் குடுத்துத்தான் முனிக்கிட்ட பேரு பதிஞ்சேன்" என்பார். சிரிக்காமல் சொல்வார்.

எனக்கு ஒன்பது வயது. நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தச் சுதந்திரத்தில் நமக்கு வந்ததைவிடப் போனதுதான் அதிகம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். குடியுரிமை போய்விட்டது, ஓட்டும் போய்விட்டது. எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லாத சனமாக, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்று வரிசையாகக் கட்டிய லயத்தில் இருந்தோம். தோட்டத்தை நடத்துகிற துரை கோபித்துப் பத்துச்சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தால் வேலை போய்விடும், வேலையோடு லயக் காம்பராவும் போய்விடும். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று யாருக்கும் தெரியாது. அம்மா வேறு பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து தேங்காய் உடைத்த கையோடு டீமேக்கர் வந்தார். ஸ்டோருக்குப் பெரியவர் அவர்தான். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"எல்லாரும் கேளுங்க. கண்டியில காட்சிசாலைன்னு ஒண்ணு இருக்கு. ராஜா காலத்துச் சாமானெல்லாம் வச்சிருக்காங்க. இப்ப தோட்டத்துப் பழைய மிசினுக்குன்னு ஒரு பெரிய அறை புதுசாக் கட்டுறாங்களாம். இந்த ரோதையக் கேட்டு எழுதியிருக்காங்க. தொர குடுக்குறேன்னு சொல்லிட்டாரு."

பிறகு பெரியப்பா, அப்பாவுக்கு மூத்தவர், அவரும் அதே ஸ்டோரில்தான், முன்னால் வந்தார். "அது சாமிங்க" என்றார்.

"ஒங்களுக்குச் சாமி. தொரைக்கு இரும்பு" என்றார் டீமேக்கர். அவர் கெட்ட மனிதர் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அப்பா கையிலிருந்த கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "கழட்டுறது நானா இருக்கணும். அங்க கொண்டுபோய்ப் பூட்டுறதும் நானா இருக்கணும். தொரகிட்ட அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பெரியப்பா மாதிரி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விடுவார்களா? "ஒங்கப்பா முனியத் தொரைக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு" என்று பாட்டாகவே பாடினார்கள். பெரியப்பா எங்கள் காம்பரா வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஒரே லயத்தில், மூன்று கதவு தள்ளி இருந்துகொண்டு முகத்தைத் திருப்புவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உங்களுக்குத் தெரியும். அதை அவர் விடாமல் செய்தார்.

அம்மாவிடம் போய், "அப்பா பயந்தாங்கொள்ளி" என்று சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "ஒங்கப்பா வாயத் தொறக்கலேன்னா உள்ளுக்குள்ள என்னமோ ஓடுதுன்னு அர்த்தம். பேசாம போய்த் தண்ணி எடுத்தா" என்றாள்.

துரை சம்மதித்தார். அவருக்கும் வேறு வழியில்லை, அந்தச் சக்கரத்தின் எந்த ஆணி எந்தத் துளைக்குப் போகும் என்று அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது. கழற்றுவதற்கு முன்னால் அப்பா ஒரு காரியம் செய்தார். சக்கரத்தில் இருந்த பெரிய திருகாணி ஒன்றை எடுத்து, அது நின்ற இடத்திலேயே குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு கல்லை நட்டு, சூலத்தையும் பித்தளை மணியையும் அதன் பக்கத்தில் வைத்தார். "முனி இங்கயும் இருப்பாரு, அங்கயும் இருப்பாரு" என்றார். ஸ்டோர் ஆட்கள் அரைமனதோடு கும்பிட்டார்கள். பெரியப்பா கும்பிடவில்லை. ஆனால் சக்கரத்தோடு கண்டிக்குப் போக அப்பாவைத் தவிர நான்கு பேர் வேண்டும் என்றபோது முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான். கண்காணிக்க வருகிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது.

லொறி புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்தது. பிள்ளை பிறக்க நாள் இருந்தாலும் காலெல்லாம் வீங்கியிருந்தது. பள்ளிக்கூடம் லீவு. பெரியப்பா வீட்டில் விடலாம் என்றால் முகம் திரும்பிக் கிடக்கிறது. ஆக, நானும் லொறியில் ஏறினேன். இப்படித்தான் எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது.

கினிகத்தேனை வளைவுகளில் நான் வாந்தியெடுத்ததைத் தவிர அந்தப் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா தன் கம்பளியை எடுத்துச் சக்கரத்தின் குடத்துக்குப் போர்த்தியிருந்தார். எனக்குச் சாக்குதான்.

கண்டி எனக்குக் குளமும் மணிச் சத்தமும் கார்களுமாக நினைவிருக்கிறது. காட்சிசாலை ஒரு பழைய கோப்பிக் கிடங்கு. அதன் பெயரைச் சொல்லமாட்டேன். கை மாறி, பெயர் மாறி, இன்றைக்கு வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். அதற்குப் பெரியவர் ஒரு சிங்களவர், கண்ணாடி போட்ட, வெள்ளைக் கோட்டுக்காரர். மாத்தயா, அதாவது ஐயா, என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். எங்களை வரவேற்று, பின்பக்கக் கொட்டகையில் தங்க இடம் காட்டினார். தோட்டத்து ஆட்கள் என்று முகம் சுளிக்கவில்லை. சக்கரம் எங்கே, எப்படி நிற்கவேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு, ஏதோ அலுவலாக அன்றைக்கே கொழும்புக்குப் போனார். திரும்ப ஐந்து நாளாகும், ஏழாம் நாள் திறப்பு விழா என்று சொல்லிவிட்டுப் போனார்.

காவல்காரரும் சிங்களவர். இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவி. கடைத்தெருத் தமிழ் பேசுவார். என்னைச் 'சின்ன நோனா', அதாவது சின்ன அம்மணி, என்று கூப்பிட்டுக் கேலி செய்வார். காலையில் அவர் ஒவ்வொரு அறையாகத் திறந்து தூசி தட்டும்போது நானும் கூடவே போவேன்.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு வாசனை இருந்தது. துணிகள் இருந்த அறையில் பூச்சியுருண்டை. ஏடுகள் இருந்த அறையில் ஏதோ காரமான எண்ணெய். ராஜா காலத்து வாள்கள், யானைத் தந்தச் சீப்பு, பெரிய இடத்துப் பெண்கள் போட்ட ஒட்டியாணம், வெற்றிலை இடிக்கிற உரல், எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள். எனக்கு அந்தச் சீப்பைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது.

"இத யாரு சீவுவா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. சும்மா பாக்கிறது" என்றார் காவல்காரர்.

"தொடக்கூடாதா?"

"தொட்டா எனக்கு வேல போகும், சின்ன நோனா."

தொடாமல், தூர நின்று, பக்தியோடு பார்க்கவேண்டும். அப்படியானால் இதுவும் கோயில்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு அறை வாசலிலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நுழைந்தேன். காவல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசி அறை முழுக்கப் படங்கள். வெள்ளைக்காரர்கள் வரைந்தவை. அதில் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு தேயிலைத் தோட்டம். பச்சை மலை, மேலே மேகம், நடுவில் வளைந்து போகிற ரோடு, மூலையில் துரை பங்களாவின் சிவப்புக் கூரை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மலையில் ஒரு ஆள் இல்லை. ஒரு கூடை இல்லை. லயத்துப் புகைகூட இல்லை. நான் கண்ணாடியில் மூக்கு பட நின்று தேடினேன். கொழுந்து எடுக்காத தேயிலை அவ்வளவு சீராக இருக்காது என்று ஒன்பது வயதில் எனக்கே தெரியும், வரைந்தவருக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம ஆளுக ஒருத்தரும் இல்லியே" என்றேன்.

"எல்லாரும் பெரட்டுக்குப் போயிருக்காங்க போல" என்றார். காலையில் ஆள் கூப்பிடும் இடத்தைத்தான் பெரட்டு என்போம். வேடிக்கைக்குச் சொன்னார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

புது அறை நீளமான அறை. மேற்கே ரோட்டைப் பார்த்த பெரிய வாசல், அதுதான் சனங்கள் வரும் வழி. கிழக்குக் கடைசியில் தோட்டத்துப் பக்கம் ஒரு கதவு, தாழ்ப்பாள் துருப்பிடித்து, அதற்கு முன்னால் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. அப்பா முதல் நாள் காலையில் வெளியே நின்று சூரியன் எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்தார். காவல்காரர், மாத்தயா கொடுத்த தாளை விரித்து, சக்கரத்தின் முகம் ரோட்டு வாசலைப் பார்க்கவேண்டும், குடத்தில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்து வருகிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்று விளக்கினார். அப்பா தலையை ஆட்டினார்.

எழுத்து இருந்தது எங்களுக்கே அப்போதுதான் தெரியும். மாத்தயா மண்ணெண்ணெய் போட்டுக் குடத்தைக் கழுவச் சொல்லியிருந்தார். பல வருடத்து மஞ்சளும் குங்குமமும் களிமண் மாதிரி கரைந்து வாளியில் விழுந்தது. பெரியப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். அப்பா வாளித் தண்ணீரைக் கால்படாத இடமாகப் பார்த்து ஒரு பூமரத்தடியில் ஊற்றினார். அதன் அடியில், சக்கரத்தைச் செய்தவர்களின் பெயர் இருந்தது. ஏதோ வெள்ளைக்கார ஊர்.

நான்கு நாள் வேலை. கல் அடுக்கி, கொங்கிரீட் போட்டு, அச்சைத் தூக்கி, ஆரங்களைப் பூட்டினார்கள். புதைத்த திருகாணிக்குப் பதிலாக ஒரு புதியதைப் போட்டார்கள். மற்றதெல்லாம் கறுத்திருக்க அது மட்டும் வெள்ளையாக மினுங்கியது. குடம் ஏற்றுகிற நாளில் அப்பா மற்றவர்களைக் கூப்பிட்டு ஏதோ மெல்லச் சொன்னார். பெரியப்பா நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தார். பிறகு முண்டாசைக் கட்டிக்கொண்டு, "தூக்குங்கடா" என்றார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மாத்தயா கொழும்பிலிருந்து வந்தார். அதே நேரம் விழாவுக்கு முன்னால் வேலையைப் பார்த்துவரச் சொல்லித் துரை அனுப்பிய டீமேக்கரும் வந்து சேர்ந்தார். இருவரும் ரோட்டு வாசல் வழியாக உள்ளே நுழைந்தார்கள். நான் சுவரோரம் சாக்கில் உட்கார்ந்திருந்தேன்.

சக்கரம் நின்றது. மனதை நிறைக்கிற மாதிரி நின்றது. ஆனால் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. முகமும் எழுத்தும் பெட்டி அடுக்கிய கிழக்குக் கதவைப் பார்த்திருந்தன.

மாத்தயாவின் முகம் சிவந்துவிட்டது. காவல்காரரைத்தான் முதலில் பிடித்தார். அவர் சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். "தாளைக் காட்டினாயா இல்லையா? ரெண்டு நாள்ல வெளியூர்லருந்தெல்லாம் பெரியவங்க வராங்க. இப்ப நான் எதக் காட்டுறது? சக்கரத்தோட முதுகையா?"

காவல்காரர் மடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். சாவிகள் கிலுங்கின.

டீமேக்கருக்கு மூளை வேகமாக வேலை செய்யும். குறுக்கே புகுந்து, "இவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது மாத்தயா. தாளப் பாத்து என்ன புரியப்போகுது? தோட்டத்து ஆளு, முன்ன எது பின்ன எதுன்னு தெரியாமப் பூட்டிட்டான். மன்னிச்சிருங்க" என்றார். சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில், "தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லு. ஒரு வார்த்த. தொர காதுக்குப் போனா பத்துச்சீட்டுத்தான். பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்குறா" என்றார்.

எவ்வளவு சுலபமான வார்த்தை. அதை எல்லாரும் நம்பியிருப்பார்கள். நாமெல்லாம் ஒன்றும் தெரியாதவர்கள் என்பதை நம்புவதற்கு உலகத்தில் யாருக்கும் கஷ்டம் இருந்ததில்லை. நான் சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சொல்லிவிடு அப்பா, சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். பயந்தாங்கொள்ளி என்று அவரைச் சொன்னவள்தான் நான்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மாத்தயாவுக்கு முன்னால் போய் நின்றார். பக்கத்துக் கிராமத்து ஆட்களோடு பழகிய சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். அன்றைக்கு ராத்திரி பெரியப்பா அதைத் தமிழில் எத்தனையோ தடவை சொல்லிக் காட்டியதால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம்.

"இவரு காட்டுனாருங்க. வெவரமாச் சொன்னாரு. அவர் மேல குத்தம் இல்ல. எனக்கும் புரிஞ்சுது. தெரிஞ்சுதான் இப்பிடி வச்சேன்."

"தெரிஞ்சா? ஏன்?"

"அம்பது அறுவது வருசமா அது கெழக்கப் பாத்த சாமி. எங்க ஆளுக கைய அதுதான் காப்பாத்துது. ஒங்க எடத்துக்குக் கொண்டாந்தீங்க, சரி. கழுவுனீங்க, சரி. எழுத்து வேணுமின்னீங்க, அதுவும் சரி. மொகத்தத் திருப்புறதுக்கு எனக்கு மனசு வரல. ஒங்க பன்சலையில புத்தர் சாமி எந்தப் பக்கம் பாக்குது மாத்தயா?"

டீமேக்கர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "நாங்களும் தெரிஞ்சுதாங்க பூட்டுனோம்." அவர் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார். மற்ற மூன்று பேரும் வந்து நின்றார்கள்.

கொங்கிரீட் இறுகிவிட்டது. உடைத்து மறுபடி பூட்ட நான்கு நாள் வேண்டும், இருப்பது இரண்டு நாள். மாத்தயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பெட்டிகளுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்து, அண்ணாந்து முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு கையை நீட்டி அந்தத் துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தொட்டு, காவல்காரரிடம் சாவி கேட்டார்.

"பெட்டிகளை எடுங்க" என்றார்.

பெட்டிகளை எடுத்து, எண்ணெய் விட்டு, ஐந்து பேர் சேர்ந்து இழுத்துக் கதவைத் திறந்தார்கள். உள்ளே முதல் தடவையாக வெளிக்காற்று வந்தது. மாத்தயா தோட்டத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து போய், திரும்பி நின்று பார்த்தார். வாசல் நிறைய ரோதமுனியின் முகம் தெரிந்தது.

"சனங்கள் இந்தப் பக்கமா வரட்டும்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஆனா இங்க ரோடு இல்லையே. ரெண்டு நாள்ல ரோடு போடுவியா?" என்று கேட்டார்.

ரோடு வெட்டுவது நம் ஆட்களுக்கு ஒரு வேலையா? இந்த மலைநாட்டில் நாம் வெட்டாத ரோடு எது? அன்று பொழுதுசாயத் தொடங்கி மறுநாள் முழுக்க, ரோட்டு வாசலிலிருந்து கட்டடத்தைச் சுற்றித் தோட்டத்துக் கதவுவரை கல் பதித்து, மணல் கொட்டி, இரண்டு பக்கமும் கரை கட்டி, பங்களாவுக்குப் போகிற பாதை மாதிரி போட்டுக் கொடுத்தார்கள். நானும் கூடையில் சரளைக்கல் சுமந்தேன். காவல்காரர் தன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் சுமந்தார்.

திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ரோட்டு வாசலுக்குத்தான் வந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. சப்பாத்துக்காரர்களும் தொப்பிக்காரர்களும் எங்கள் துரையும் துரைசாணியும் அப்பா போட்ட பாதையில் கட்டடத்தைச் சுற்றி நடந்து, கிழக்குக் கதவு வழியாக முனியின் முகத்துக்கு நேரே வந்து நின்றார்கள். காலை வெயில் குடத்தில் விழுந்து எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. துரை ஏதோ இங்கிலீஷில் கேட்டார். மாத்தயா சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். டீமேக்கர்தான் பிறகு எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

"ஏன் சுத்தி வரணும்னு தொர கேட்டாரு. இந்த ரோதைக்கு இதுதான் வாசல்னு மாத்தயா சொல்லிட்டாரு. அவ்வளவுதான்." சொல்லிவிட்டு வெற்றிலைப் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அதுவரை அவர் தோட்டத்து ஆள் யாருக்கும் தன் கையால் வெற்றிலை கொடுத்து நான் பார்த்ததில்லை.

பத்துச்சீட்டு வரவில்லை. டிக்கோயாவில் தம்பி பிறந்திருந்தான். தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு பெரியப்பாதான் ஊரெல்லாம் சொன்னார். லிந்துலைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்தால், "எங்க முனி கண்டியில, ராஜா இருந்த ஊர்ல இருக்காரு. தொரமாரெல்லாம் சுத்தி வந்துதான் பாக்கணும். ஒங்க முனி எங்க இருக்காரு?" என்று கேட்பார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டும் நின்றது. நான் பத்து நாளைக்குத் தரையில் கால் வைத்து நடக்கவில்லை.

அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் காலத்தில் பிள்ளைகள் அப்பாவிடம் அப்படியெல்லாம் பேசுகிற வழக்கம் இல்லை. அவர் முதல் நாள் வாய் திறக்காததும் கண்டியில் திறந்ததும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம் என்று புரிய எனக்கு என் அரைவாசி ஆயுள் பிடித்தது. தோட்டத்தில் எதிர்த்துப் பேசியிருந்தால் முனியை வேறு ஆட்கள் கழற்றியிருப்பார்கள், எப்படியோ ஒரு பக்கம் பார்த்து நிறுத்தியிருப்பார்கள். அந்தப் பித்தளை மணியும் சூலமும் பின்னால் நடந்த ஒரு கலவரத்தில் போய்விட்டன. அப்பாவும் போய்விட்டார். புதைத்த திருகாணி இன்னும் அங்கேதான் இருக்கவேண்டும்.

போன வருடம் தம்பியோடு கண்டிக்குப் போனேன். அவன் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. ரோட்டு வாசல் சாத்தியே இருக்கிறது. அதன் மேல் ஒரு பலகை, அம்புக்குறி போட்டு, மூன்று மொழியிலும், 'நுழைவாயில் பின்புறம்'. பாதைக்கு இப்போது சிமெண்டு போட்டிருக்கிறார்கள், ஆனால் வளைவு அதே வளைவு. கிழக்குக் கதவுக்கு வெளியே நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சக்கரம் கறுப்புப் பெயிண்டில் நின்றது. கீழே அட்டையில் செய்த கம்பெனியின் பெயரும், கொடுத்த துரையின் பெயரும் இருந்தன. முனியும் இல்லை, அப்பாவும் இல்லை. பக்கவாட்டில் குனிந்து தேடினேன். பெயிண்டுக்கு அடியிலும் தெரிந்தது, மற்றவற்றோடு சேராத அந்த ஒரு திருகாணி.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்தது. விளக்கம் சொல்கிற சின்னப் பெண் தமிழில்தான் பேசினாள். ஒரு மாணவி கேட்டாள், ஏன் முன்வாசலைப் பூட்டிவைத்துவிட்டுச் சுற்றி வரச் சொல்கிறீர்கள் என்று. அந்தப் பெண் யோசிக்காமல், "காலை வெளிச்சம் சக்கரத்தில் விழுவதற்காக வெள்ளைக்காரர்கள் அப்படித் திட்டம் போட்டுக் கட்டினார்கள்" என்றாள்.

தம்பி என் கையைப் பிடித்தான். பேசாமல் இரு என்று அர்த்தம். அவன் எங்கள் அம்மாவைப் போல.

பிள்ளைகள் நகர்ந்த பிறகு அந்தப் பெண் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, "அம்மா, செருப்பு போட்டுக்கிட்டே வரலாம். மொதத் தடவையா வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல தங்கச்சி" என்றேன். "இந்தக் கதவத் தொறந்த அன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன். தொறக்க வச்சவரு எங்கப்பா. அந்தப் பிள்ளைகளக் கூப்பிடு, சொல்றேன்."

அவள் கூப்பிட்டாள்.